கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவையும், ஏற்றும் முறையும்

கேள்வி இதுதான்: சில வருடம் ஓடிய கார். ஏசி முன்னைப்போலக் குளிர்வதில்லை. வேகமாகப் போகும்போது பரவாயில்லை, நெரிசலில் நின்றுவிட்டால் வெதுவெதுப்பான காற்று வருகிறது. "கேஸ் குறைந்திருக்கும், டாப்-அப் செய்துவிடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். கேன் வாங்கி நானே ஏற்றிவிடலாமா?

இப்போதைக்கு ஏற்ற வேண்டாம். ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராமல் போவது முதலில் காட்டுவது கண்டென்சர் ஃபேனை, அதாவது ஏசியின் சூட்டை வெளியேற்ற முன்பக்கம் காற்றை இழுக்கும் ஃபேனை. கேஸ் குறைவும் அப்படி நடந்துகொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் ஃபேனைப் பார்க்க ஒரு நிமிடம் போதும், செலவும் இல்லை. அதைப் பார்க்காமல் கேஸை ஏற்றினால், சரியான அளவில் இருந்த சிஸ்டத்தில் அதிகப்படியாகத் திணித்ததாகிவிடும்.

அடிப்படை ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகிறது. டிரையரில் ஈரமும் தூசியும் வடிகட்டப்படுகின்றன. எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே போகும்போது அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. டேஷ்போர்டுக்குள் இருக்கும் எவாப்பரேட்டரில் அது கொதித்து ஆவியாகும்போது கேபின் காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகவும் கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகவும் மிகக் கொஞ்சம் கசியும், அதனால் பல வருடம் கழித்து ஓரளவு குறைந்திருப்பது இயல்பு. ஒரே கோடைக்குள் குளிர்ச்சி போய்விட்டது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் கேஸ் அடித்துக்கொண்டிருப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். பணம் போவது ஒருபுறம். கேஸோடு சேர்ந்து, கம்ப்ரசரை உரசாமல் காக்கும் ஆயிலும் வெளியே போகிறது, கம்ப்ரசர் அதனால்தான் சாகிறது.

சரி, கருவி எதுவும் இல்லாமல் என்னென்ன பார்க்கலாம்?

இன்ஜினை ஓடவிட்டு ஏசியை முழுக் குளிரில் போடுங்கள். பானெட்டைத் திறந்து, கை, துணி, முடி எதுவும் பெல்ட் பக்கம் போகாமல் நின்று ஃபேனைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் ஏசி போட்ட சில நொடிகளிலேயே ஃபேன் சுற்றும். சிலவற்றில் அழுத்தம் ஏறிய பிறகு சுற்றி, இறங்கியதும் நிற்கும். சுற்றவே இல்லை, அல்லது சோர்ந்து சுற்றுகிறது என்றால் பாதி விடை கிடைத்துவிட்டது: ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்று தேடலாம். ஃபேன் நன்றாகச் சுற்றுகிறதா? அப்போது கண்டென்சரைப் பாருங்கள். பூச்சியும் தூசியும் அடைத்துக்கொண்டிருந்தால், ஃபேன் இழுத்தாலும் காற்று உள்ளே போகாது. இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. வண்டி ஐடிலில் நிற்கும்போது, கண்டென்சர் மேல் மட்டும் மெல்லிய நீர்த்தூவல் விடுங்கள். டேஷ்போர்டில் வரும் காற்று ஒன்றிரண்டு நிமிடத்தில் நன்றாகக் குளிர்ந்தால், சூட்டை வெளியேற்றுவதில்தான் கோளாறு; கேஸைத் தொட வேண்டியதில்லை. கண்டென்சரைக் கழுவும்போது சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் விட்டால் போதும். பிரஷர் வாஷரை அருகில் வைத்து அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடுகள் மடங்கி, காற்றுப் பாதை நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

அடுத்து கேபின் ஃபில்டர். காற்று ஜில்லென்றுதான் வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்றால் அதைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் சுத்தமாக இருந்தும், ஆரம்பத்தில் நன்றாகக் குளிர்ந்து அரை மணி கழித்துக் காற்றே வராமல் போனால், எவாப்பரேட்டர் மேல் ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் காற்று திரும்ப வரும், காருக்கு அடியில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் கொட்டும். எவாப்பரேட்டர் டெம்பரேச்சர் சென்சார் கெட்டிருப்பது ஒரு காரணம். கேஸ் குறைந்திருப்பதும் இதே வேலையைச் செய்யும்.

கம்ப்ரசரையும் பாருங்கள். கிளட்ச் (கம்ப்ரசரைப் புல்லியோடு சேர்த்துப் பிரிக்கும் காந்தப் பிடி) உள்ள வகையில் ஏசி போட்டதும் 'டக்' என்ற சத்தத்தோடு புல்லியின் நடுத் தட்டும் சேர்ந்து சுற்ற வேண்டும். புதிய கார்கள் பலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் இருக்கிறது. புல்லி எப்போதும் சுற்றும், கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கிளட்ச் சில நொடிகளுக்கு ஒருமுறை பிடித்துப் பிடித்து விட்டால் கேஸ் குறைவு என்று சந்தேகிக்கலாம். பிடிக்கவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கேஸ் முழுவதும் போய்விட்டாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரை ஓட விடாது. அந்த சுவிட்சை ஒயர் போட்டு நேராக்கிக் கம்ப்ரசரை ஓட்டிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆயிலைச் சுமந்து வருவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடும் கம்ப்ரசர் ஆயில் இல்லாமல் ஓடுகிறது, உள்ளே உரசி உதிரும் உலோகத்தூள் மொத்த சிஸ்டத்திலும் பரவிவிடும்.

காலையில் நன்றாக வேலை செய்து, இன்ஜின் சூடானதும் கம்ப்ரசர் விட்டுவிடுகிறது, ஆறினால் திரும்பப் பிடிக்கிறது என்றால், கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உள்ள இடைவெளி தேய்ந்து அதிகமாகியிருக்கலாம். பல கம்ப்ரசர்களில் அது 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். காயில் சூடாகும்போது காந்தத்தின் பலம் குறைகிறது. அகன்ற இடைவெளியைத் தாண்டித் தட்டை இழுக்க அதனால் முடிவதில்லை. இந்தச் சின்னக் கோளாறுக்காகக் கம்ப்ரசரையே மாற்றிய கார்கள் நிறைய. சில வண்டிகளில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து அளந்து, ஷிம் என்ற மெல்லிய வளையம் ஒன்றை எடுத்தாலே சரியாகிவிடும்.

கடைசியாகக் குழாய்கள். ஏசி சில நிமிடம் ஓடிய பிறகு, இன்ஜினை அணைத்துவிட்டு, எவாப்பரேட்டரிலிருந்து கம்ப்ரசருக்கு வரும் தடித்த குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது ஜில்லென்று வியர்த்திருக்க வேண்டும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாய் கையைச் சுடும் அளவுக்குச் சூடாக இருக்கும், அதைத் தொடாதீர்கள். தடித்த குழாய் ஜில்லென்று இருந்தும் கேபினில் வெதுவெதுப்பான காற்று வந்தால், குளிர்பதனப் பகுதி தன் வேலையைச் செய்துவிட்டது. டேஷ்போர்டுக்குள் ஹீட்டர் காற்றைக் கலக்கும் மடல் சரியாக மூடவில்லை. இதற்கும் எவ்வளவு கேஸ் அடித்தாலும் பயனில்லை.

நடு வென்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி எண்ணாகவே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ரீசர்குலேஷன் போட்டு, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் வைத்து, இன்ஜினை 1500 ஆர்பிஎம் அளவில் சில நிமிடம் ஓட்டினால், வெளியே 30 முதல் 35 டிகிரி இருக்கும் நாளில் 5 முதல் 10 டிகிரி வந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இன்னும் ஓரிரு டிகிரி கூடும், அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதற்கப்புறம்தான் மானிஃபோல்டு கேஜ், அதாவது சிஸ்டத்தின் இரண்டு பக்க அழுத்தத்தையும் காட்டும் இரட்டை கேஜ். நீலம் லோ சைடு (கம்ப்ரசருக்குள் வரும் குறைந்த அழுத்தப் பக்கம்), சிவப்பு ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து போகும் அதிக அழுத்தப் பக்கம்). முதலில் உங்கள் காரில் என்ன கேஸ் என்று பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் பாருங்கள். 1990களின் நடுவிலிருந்து பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ. அண்மைய ஆண்டுகளில் வந்தவற்றில் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதிய கார்களில் ஆர்-134ஏ கூடாது. இரண்டையும் கலக்கக் கூடாது. பொருத்தும் முனைகளே வேறு அளவில் இருப்பது அதற்காகத்தான். இனி நான் சொல்லும் அழுத்த எண்கள் ஆர்-134ஏவுக்கு.

இன்ஜின் அணைந்து, எல்லாம் ஆறிய நிலையில் இரண்டு கேஜும் ஒரே எண்ணைக் காட்டும். 25 டிகிரியில் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 97, 35 டிகிரியில் 114. பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான். சிஸ்டத்துக்குள் கொஞ்சம் திரவம் மிச்சம் இருந்தாலே இந்த அழுத்தம் வந்துவிடும். 250 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே 97தான். ஆகவே எண் சரியாக இருப்பதால் கேஸ் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியாது. எண் இதைவிடத் தெளிவாகக் குறைந்தால் உள்ளே திரவமே இல்லை, கிட்டத்தட்டக் காலி. தெளிவாகக் கூடினால் காற்று கலந்திருக்கிறது அல்லது வேறு ஏதோ கேஸ் இருக்கிறது.

ஓடும்போது, 30 டிகிரியைத் தாண்டிய ஒரு நாளில், லோ சைடு ஏறக்குறைய 25 முதல் 45 பிஎஸ்ஐக்குள்ளும் ஹை சைடு 200 முதல் 250க்குள்ளும் இருக்கும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் குறைவு. இரண்டும் அதிகம் என்றால் ஃபேன் அல்லது கண்டென்சர் சரியில்லை, அல்லது கேஸ் மிகுதி, அல்லது உள்ளே காற்று. லோ அதிகமாகவும் ஹை குறைவாகவும் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்தால் கம்ப்ரசர் அழுத்தவில்லை. லோ சைடு பூஜ்யத்தை நோக்கி, அல்லது வேக்யூமுக்கே இறங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வு பக்கம் அடைப்பு. முதலில் சரியாக இருந்து, பிறகு வேக்யூமுக்கு இறங்கி, அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி சரியானால், உள்ளே புகுந்த ஈரம் வால்வின் துளையில் உறைகிறது.

கேனோடு சேர்ந்து வரும் ஒற்றை கேஜை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். அது லோ சைடை மட்டும் காட்டுகிறது. தேய்ந்த கம்ப்ரசரும் மிகையான கேஸும் அதில் ஒரே மாதிரி தெரியும். மிகையான கேஸ் தீங்கில்லாத விஷயமும் இல்லை. அதிகப்படித் திரவம் கண்டென்சரின் அடிப்பகுதியை நிரப்பிக்கொள்கிறது, சூட்டை வெளியேற்றும் பரப்பு சுருங்குகிறது, ஹை சைடு ஏறுகிறது, குளிர்ச்சி குறைகிறது. குறைந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். சிறிய காரின் மொத்த அளவே 400, 500 கிராம்தான்; 50 கிராம் கூடினாலும் அது பத்தில் ஒரு பங்கு. கேஸை அளக்கச் சரியான வழி எடை மட்டுமே. லேபிளில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறது, அந்த எண்ணைத்தான் பின்பற்ற வேண்டும்.

உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் மேலே ஏற்றுவது குருட்டுவேலை. ரிகவரி மெஷின் வைத்து முழுவதையும் எடுத்து எடைபோட்டால், 500 இருக்க வேண்டிய இடத்தில் 320 வந்தது என்று தெரிந்துவிடும். மொத்தப் பரிசோதனையிலும் நான் அதிகம் மதிப்பது அந்த ஒரு எண்ணைத்தான். ஏறக்குறைய முழு அளவும் வெளியே வந்தால், கோளாறு கேஸில் இல்லை என்று அங்கேயே முடிவாகிவிடும். பழைய கேஸைக் காற்றில் திறந்துவிடவும் கூடாது. ஆர்-134ஏவின் புவி வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் ஏறத்தாழ 1430 மடங்கு. அரைக் கிலோவைத் திறந்துவிட்டால் 700 கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். பல நாடுகளில் அது சட்டவிரோதமும்கூட.

குறைந்தது உறுதியானால் லீக் தேட வேண்டும். முதலில் கண்ணால் பாருங்கள். கேஸோடு வெளியேறும் ஆயிலில் தூசி ஒட்டி, எண்ணெய்ப் பிசுக்குள்ள கறையாகத் தெரியும். குழாய் இணைப்புகளின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), கம்ப்ரசரின் முன்பக்கம், கல் பட்ட கண்டென்சர், கேஜ் மாட்டும் சர்வீஸ் வால்வு ஆகியவை வழக்கமான இடங்கள். சர்வீஸ் வால்வின் பிளாஸ்டிக் மூடி வெறும் தூசிக்கானது என்று நினைத்துத் தொலைத்துவிடாதீர்கள். உள்ளே ரப்பர் வளையம் உள்ள அந்த மூடியும் ஒரு சீல்தான். கண்ணுக்குத் தெரியாவிட்டால் யூவி டை (யூவி விளக்கில் ஒளிரும் சாயம்) கலந்து சில நாள் ஓட்டிவிட்டு யூவி விளக்கில் பார்க்கலாம், அல்லது எலக்ட்ரானிக் லீக் டிடெக்டரைப் பயன்படுத்தலாம். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, அதனால் டிடெக்டரை இணைப்புக்கு அடியில் நகர்த்திப் பார்க்க வேண்டும். எவாப்பரேட்டர் மறைவாக இருப்பதால் அதன் நீர் வடியும் குழாயின் வாயில் வைத்துப் பார்ப்பார்கள். காலியான சிஸ்டத்தை அழுத்திச் சோதிக்க ரெகுலேட்டரோடு உலர் நைட்ரஜன் மட்டுமே. ஆக்சிஜன் உள்ளே இருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் வெடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரும் கூடாது: அது ஈரத்தை உள்ளே தள்ளும், அதோடு, சாதாரணமாக எரியாத ஆர்-134ஏ அழுத்தத்தில் காற்றோடு கலந்தால் தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும்.

லீக்கை அடைக்கும் திரவம் என்று விற்பதை உள்ளே விடாதீர்கள். அது வால்வின் துளையை அடைக்கலாம், ரிகவரி மெஷினையும் கெடுக்கும். அது ஊற்றப்பட்ட வண்டியைத் தொட மறுக்கும் பட்டறைகள் இருப்பது நியாயம்தான். பெயர் தெரியாத மலிவு கேனையும் தவிருங்கள். 2011இல் குளோரோமெத்தேன் கலந்த போலி ஆர்-134ஏ, கப்பல்களில் ஏற்றும் குளிர்பதனக் கொள்கலன்களுக்குள் போய், அலுமினியத்தோடு வினைபுரிந்து வெடித்துத் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். கார் ஏசியிலும் அலுமினியம்தான் இருக்கிறது.

லீக்கைச் சரிசெய்து, திறந்த இணைப்புகளுக்குப் புது ஓ-ரிங் போட்டு, அதில் ஏசி ஆயில் தடவிப் பொருத்த வேண்டும். சிஸ்டம் நெடுநேரம் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுங்கள். ஆயில் வகையும் அளவும் தயாரிப்பாளர் சொன்னதாகவே இருக்கட்டும். பெல்ட்டில் ஓடும் கம்ப்ரசர்களில் பெரும்பாலும் பிஏஜி ஆயில், அதிலும் 46, 100, 150 என்று வெவ்வேறு தடிமன் உண்டு. ஹைபிரிட், மின்சாரக் கார்களின் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுவதால் மின்காப்புள்ள தனி ஆயில் வேண்டும். தவறான ஆயில் கொஞ்சம் கலந்தாலும் மின்கசிவுக் கோளாறு காட்டும். அந்தக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரைப் பார்த்தால் கையை எடுத்துவிட்டுப் பயிற்சி பெற்றவரிடம் விடுங்கள்.

பிறகு வேக்யூம். இதை அவசரப்படுத்தினால் மற்ற வேலையெல்லாம் வீண். பம்ப் காற்றை வெளியேற்றுவதோடு ஈரத்தையும் கொதிக்கவைத்து எடுக்கிறது. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க, அழுத்தம் 42 மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும், அதாவது காற்று மண்டல அழுத்தத்தில் சுமார் 24இல் ஒரு பங்கு. அதற்கும் நன்றாகக் கீழே இறக்கி, அரை மணி முதல் முக்கால் மணி வரை பம்பை ஓடவிடுங்கள். வால்வை மூடிப் பம்பை நிறுத்தி, இன்னொரு கால் மணி முதல் அரை மணி வரை முள் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நல்லது. ஆனாலும் அதை முழு லீக் டெஸ்டாக நம்ப வேண்டாம். வேக்யூமில் வெளியிலிருந்து உள்ளே தள்ளுவது ஒரே ஒரு காற்று மண்டல அழுத்தம். ஓடும்போது ஹை சைடில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது ஏறக்குறைய 15 மடங்கு.

ஏற்றும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள், அருகில் தீயும் சிகரெட்டும் வேண்டாம். சூட்டில் சிதைந்தால் நச்சு வாயு வரும். ஹோஸுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு, கேனைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். இன்ஜின் அணைந்திருக்கும்போதே வேக்யூம் கொஞ்சம் கேஸைத் தானாக இழுத்துக்கொள்ளும். பிறகு சிவப்பு வால்வை மூடிவிட்டு, அது மூடியிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, இன்ஜினையும் ஏசியையும் போட்டு லோ சைடு வழியாக மட்டும் ஏற்றுங்கள். இன்ஜின் ஓடும்போது சிவப்பு வால்வைத் திறந்தால் 200 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் கேனுக்குள் திரும்பிப் பாய்ந்து அதை வெடிக்கவைக்கும். கேனை நிமிர்த்தியே வைத்திருங்கள். கவிழ்த்தால் திரவம் போகும், திரவத்தைக் கம்ப்ரசரால் அழுத்த முடியாது, உடையும். கேஸ் போகப் போகக் கேன் குளிர்ந்து வேகம் குறையும். கைக்கு இதமான வெந்நீரில் வைக்கலாம், தீ காட்டவே கூடாது. லேபிளில் சொன்ன கிராம் வந்ததும், ஹோஸில் தங்கும் சிறு அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் ஜில்லென்று வரட்டும் என்று ஒரு சொட்டும் கூட்ட வேண்டாம்.

ரிகவரி மெஷின், வேக்யூம் பம்ப், தராசு மூன்றும் இல்லாவிட்டால் இந்தப் பகுதியைப் பட்டறையில் செய்துகொள்ளுங்கள். அங்கே மூன்று எண்களைக் கேட்டு வாங்குங்கள்: எத்தனை கிராம் வெளியே வந்தது, எத்தனை கிராம் உள்ளே போனது, வேலைக்கு முன்னும் பின்னும் நடு வென்டில் எத்தனை டிகிரி. வெளியே வந்தது குறைவாக இருந்து, லீக் எங்கே என்று அவர்கள் சொல்லவில்லை என்றால், காரை எடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள். அங்கே போவதற்கு முன்னால், நாளைக் காலை பானெட்டைத் திறந்து அந்த ஃபேன் சுற்றுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.